தராசு யாருடையது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு என் மளிகைக் கடைக்குள் விறுவிறுவென்று வந்தார். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க." எதிரே நிற்கும் தள்ளுவண்டியில் அரைக் கிலோ என்று சொல்லி வாங்கிய தக்காளி. பையை ஓரமாக வைத்துவிட்டுத் தக்காளியை மட்டும் தட்டில் கொட்டினேன். 430 கிராம் காட்டியது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் பாதித் தெரு அந்த வண்டியைச் சுற்றி நின்றது. கைத்தராசைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார்கள். சரக்குத் தட்டின் அடியில் ஒரு புளி உருண்டை. அதற்குள் பதித்து வைத்த இரண்டு இரும்பு நட்டு. "இப்படித் தின்னா உடம்புல ஒட்டுமா?" என்றார் ஒருவர். இன்னொரு தம்பி போனில் படம் எடுத்தான். வண்டிக்கார அக்கா வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டம் கலையட்டும் என்று நின்றது. நானும் கடையை விட்டு இறங்கவில்லை. அன்று விடிகாலை நாலு மணிக்கு மண்டியில் நடந்ததை நான் பார்த்திருந்தேன்.

நான் வெங்காயம் எடுக்கப் போகும் மண்டிதான் அக்காவுக்கும் தக்காளி தருகிறது. ஊர் பேர் வேண்டாம். '15 கிலோ பெட்டி' என்று ஏலம் விடுவார்கள். அன்று விலை 450 ரூபாய். பெட்டியை யாரும் நிறுப்பதில்லை. தூக்கிப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த 15 கிலோவில் பிளாஸ்டிக் பெட்டியே ஒன்றரைக் கிலோ. அடியில் நசுங்கி ஒழுகுவது ஒரு கிலோ. விற்கத் தேறுவது பன்னிரண்டரைக் கிலோ. அந்த 450 ரூபாயும் அக்காவின் சொந்தப் பணம் இல்லை. மண்டி வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் விடிகாலையில் 450 வாங்கினால் பொழுது சாய 500 தர வேண்டும். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருப்பவரும் இருக்கிறார்.

கடைக்காரன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அக்கா கிலோ 40 என்று சொன்னாலும் எங்கள் தெரு 35-க்கு இறக்காமல் விடாது. சரியாக நிறுத்து 35-க்கு விற்றால் பன்னிரண்டரைக் கிலோவுக்கு வருவது 437 ரூபாய் 50 காசு. வட்டியோடு கொடுக்க வேண்டியது 500. கைநட்டம் 62 ரூபாய் 50 காசு. யாரும் பேரம் பேசாமல் 40-க்கே வாங்கினாலும் கிடைப்பது சரியாக 500. அதாவது நாள் முழுக்க வெயிலில் நின்றதற்கு ஒன்றுமில்லை. அரைக் கிலோவுக்கு 430 கிராம் போட்டால் அந்தப் பெட்டியில் 29 அரைக் கிலோ தேறும். 507 ரூபாய் 50 காசு. மிச்சம் ஏழரை ரூபாய். ஒரு பெட்டிக்கு ஏழரை ரூபாய் மிஞ்ச வைக்கிறது அந்தப் புளி உருண்டை.

இதை எழுதும்போதே சிலர் என்ன கேட்பார்கள் என்று தெரியும். ஏழை என்றால் எடையில் அடிக்கலாமா? கூடாது. அந்த 70 கிராம் தலைமையாசிரியர் வீட்டுச் சட்டியில் மட்டுமா குறைகிறது? எங்கள் தெருவில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்குபவர்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் போகிறவர்கள். இல்லாதவர் பண்டத்திலிருந்து இல்லாதவர் எடுப்பதில் நியாயம் ஏதும் இல்லை. மத்தியானம் அக்காவிடம் அதைச் சொன்னேன். கோபப்படவில்லை. "மண்டியில போய் எடை போட்டுக் குடுங்கன்னு நான் கேட்டா, நாளைக்கு எனக்குப் பெட்டி கிடைக்குமா அண்ணாச்சி?" என்றது.

கிடைக்காது. எனக்கே கிடைக்கவில்லை. பல வருடம் முன்பு வெங்காய மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னேன். கணக்குப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பிக்கை இல்லன்னா வேற மண்டி பாத்துக்கங்க." இந்தத் தொழிலில் 'நம்பிக்கை' என்ற சொல்லை அதிகம் கேட்பது நிறுக்க மறுக்கும் இடத்தில்தான்.

மண்டிக்காரருக்கு அது மோசடி இல்லை, 'கழிவு'. நகைக்கடைக்குப் போனால் 'சேதாரம்'. அலுவலகத்தில் 'மாமூல்'. ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. தள்ளுவண்டியில் நடப்பதை மட்டும் பச்சையாகத் திருட்டு என்கிறோம். அன்று சத்தம் போட்ட அதே தலைமையாசிரியர் சில மாதம் முன்பு மகள் நிச்சயத்துக்கு இனிப்பு வாங்கினார். கிலோ 600 ரூபாய். அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்தார்கள். பெட்டி 80 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவுக்கு 48 ரூபாய் அட்டைக்குப் போனது. உறை, பெட்டி நீங்கலாக உள்ளே இருக்கும் பண்டத்தின் எடைதான் கணக்கு என்பது சட்டம். அவர் அங்கே சத்தம் போடவில்லை. குளிர்சாதனம் போட்ட கடை, சீருடை போட்ட பையன், கண்ணாடிக்குள் விளக்கு. தக்காளியில் அவர் இழந்தது 2 ரூபாய் 45 காசு. நான் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இனிப்புக் கடையில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன்.

என் கணக்கையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர் மதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே. அப்பா கடை திறந்தது 1961-ல். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1958 அக்டோபரில்தான் மெட்ரிக் எடைகள் நாட்டில் புழக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. சட்டம் கிலோவுக்கு மாறினாலும் கிராமம் மாறப் பல காலம் ஆனது. நான் சிறுவனாகக் கடையில் நின்றபோதும் நிலக்கடலையும் மொச்சையும் படியில்தான் அளந்தார்கள். காட்டிலிருந்து பெண்கள் தலைச்சுமையாகக் கடலை கொண்டுவருவார்கள். அப்பா அதைக் கோபுரமாகக் குவித்து அளந்து வாங்குவார். அதே கடலையை விற்கும்போது படியின் வாயைக் குச்சியால் தலைதட்டி அளப்பார். படி ஒன்றுதான். வாங்கும்போது ஒரு அளவு, விற்கும்போது ஒரு அளவு. அப்பா படிக்கல்லைத் தொட்டதில்லை, கலப்படம் செய்ததில்லை, கடன்காரனை வாசலில் நிறுத்தி அசிங்கப்படுத்தியதில்லை. ஊரில் நேர்மையான மனிதர் என்றுதான் பெயர். குவித்து வாங்குவது அவருக்கு வழக்கம், அவ்வளவுதான். "அந்தக் கும்பத்துல இருக்கறது யாருதுங்க?" என்று அம்மா ஒருமுறை கேட்டது நினைவிருக்கிறது. அப்பா பதில் சொல்லாமல் கல்லாவைத் துடைத்தார்.

நான் அப்பாவைவிட ஒரு படி கீழே போனேன். 1991-ல் எதிர்ச்சாரியில் புதுக்கடை வந்தது. சர்க்கரையைக் கிலோவுக்கு 50 காசு குறைத்து விற்றார்கள். என் வாடிக்கை ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். நானும் விலையைக் குறைத்தேன். குறைத்ததை எடையில் எடுத்தேன். கிலோவுக்கு 970 கிராம். எட்டு மாதம் இப்படி நடந்தது. மனசாட்சி உறுத்தி நிறுத்தினேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். எதிர்க்கடை மூடியது, நானும் நிறுத்தினேன். அங்கே வேலை பார்த்த பையன் பிறகு என்னிடம் வேலைக்குச் சேர்ந்தபோது சொன்னான், அவர்கள் போட்டது 950 கிராமாம். ஆக, இரண்டு கடைக்காரர்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்ததில் ஊர் மக்களுக்குச் சல்லிக்காசு லாபமில்லை.

இந்த நாற்பது வருடக் கடை அனுபவத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, தராசு யாருடையது என்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். விவசாயி விளைந்ததை விற்கப் போகும்போது தராசு வாங்குபவருடையது. நாம் காசு கொடுத்து வாங்கப் போகும்போது தராசு விற்பவருடையது. விவசாயிக்கும் சரி, சமைத்துச் சாப்பிடுபவருக்கும் சரி, தராசு ஒருநாளும் தன் பக்கம் இல்லை. நடுவில் இருக்கும் நாங்கள் விவசாயியிடம் வாங்கும்போதும் எங்கள் தராசு, விற்கும்போதும் எங்கள் தராசு. நடுவிலேயே ஆகக் கீழே நிற்பவர் தள்ளுவண்டி அக்கா. அதற்கு மண்டியில் தராசு இல்லை, தெருவில் மட்டும் இருக்கிறது. மேலே பறிகொடுத்ததைக் கீழேதானே எடுக்க முடியும்?

நெல் கொள்முதலைப் பாருங்கள். அங்கே மூட்டைக்கு 40 கிலோ கணக்கு. அதற்குமேல் ஒரு கிலோ, இரண்டு கிலோ கூடுதலாகப் பிடிக்கிறார்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் பணமும் கேட்கிறார்கள் என்பது டெல்டா விவசாயிகள் பல காலமாகச் சொல்லிவரும் புகார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டால் நெல் திறந்தவெளியில் கிடக்கும். இரவு மழை வந்தால் எல்லாம் போச்சு. வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் தராசைப் பார்த்துக் கேள்வி கேட்பாரா?

ரேஷன் கடையில் மின்னணுத் தராசையும் ரசீது போடும் கருவியையும் புளூடூத்தால் இணைத்தார்கள். தட்டில் எடை சரியாக விழுந்தால்தான் ரசீது வரும். நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். விற்பனையாளர்கள் அப்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: கிடங்கிலிருந்து எங்களுக்கு வரும் மூட்டையே எடை குறைவாக இருக்கிறது, அதையும் நிறுத்துத் தருவீர்களா? சில விற்பனையாளர்கள் செய்த தில்லுமுல்லு ஊருக்கே தெரியும் என்பதால் அந்தக் கேள்வியைச் சாக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். சாக்காகவே இருக்கட்டும். கேள்வி சரியான கேள்விதான். கடைசிக் கையில் மட்டும் தராசை இறுக்கிக் கட்டினால், மேலே குறைந்ததை அவர் எங்கிருந்து ஈடுகட்டுவார்? கார்டுக்கு வராதவர் பேரில் ரசீது போடுவார். ஓட்டை வேறு இடத்தில் திறக்கும்.

இந்தச் சிக்கல் இன்று வந்ததில்லை. ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட கல்லால் நிறுத்ததாக அந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. நவமணிகளை நிறுத்த கல்லுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்' என்று பெயர். இரண்டும் சாமி பெயர்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். வேறு பல கோயில்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைச் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. யோக்கியர்களாக இருந்தால் கோலைச் சுவரில் வெட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் அளவு கொடுப்பவனிடமும் வாங்குபவனிடமும் இருக்கக் கூடாது, மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியாமல் இல்லை. பழைய இரும்புப் படிக்கல்லைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஒரு குழி, அதில் ஈயம். எடை கூடினால் ஈயத்தைச் சுரண்டுவார்கள், குறைந்தால் சேர்ப்பார்கள். சரிபார்த்த பிறகு முத்திரை ஆய்வர் அந்த ஈயத்தின் மேல் அரசு முத்திரையைக் குத்துவார். ஆண்டின் கடைசி இரண்டு எண்கள், எந்தக் காலாண்டு என்று காட்ட ஏ, பி, சி, டி-யில் ஒரு எழுத்து. ஈயத்தை யாராவது தோண்டினால் முத்திரையும் போய்விடும். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! படிக்கல்லுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை, மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை. இப்போது நடப்பில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். சட்டத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

பெட்ரோல் பங்கிலும் அப்படித்தான். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை அங்கே இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் அதில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம். இத்தனை வருடத்தில் நான் ஒரே ஒருமுறை கேட்டேன். பையன் மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளர் சாவியைத் தேடினார். பின்னால் நின்ற இருசக்கர வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. "பெருசு, 200 ரூபாய் பெட்ரோலுக்கு இவ்ளோ சீனா?" அளவை வந்தது, பிடித்தார்கள், சரியாகவே இருந்தது. எனக்குத்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டது போல் இருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. ஏமாற்றுபவனைவிட, நிறுத்துக் காட்டு என்று கேட்பவனை நாம் அதிகம் கூச வைக்கிறோம்.

ஆய்வர்கள் எங்கள் கடைகளுக்கு வருவது காலை பதினொரு மணிக்கு. மண்டி முடிந்து கூட்டித் தள்ளியிருக்கும் நேரம். பதினொரு மணிக்கு ஊரில் அகப்படுவது தள்ளுவண்டி, மீன்கூடை, பூக்காரம்மா. அபராதக் கணக்கு அங்கேயே நிரம்பிவிடுகிறது. கைத்தராசைப் பறிமுதல் செய்து ஜீப்பில் போட்டுக்கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மண்டியிலிருந்து ஒரு தராசு போனதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தராசே இல்லாத இடத்தில் எதைப் பறிமுதல் செய்வது என்று கேட்டால், அதுவும் சரிதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மொத்தச் சந்தையின் வாசலிலும் அரசுத் தராசு ஒன்று. அங்கே ஒரு பணியாளர், விடிகாலை மூன்று மணியிலிருந்து. பெட்டியின் எடையைக் கழித்து உள்ளே இருக்கும் பண்டத்தின் எடையைச் சீட்டில் எழுதித்தான் வெளியே விட வேண்டும். நெல் கொள்முதலில் விவசாயி கண்ணுக்குத் தெரியும்படி எண் ஓட வேண்டும். கிடங்கிலிருந்து ரேஷன் கடைக்கு வரும் மூட்டை இறங்கும்போதே எடை ஏற வேண்டும். நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே விவசாயிக்குத் தராசு கொடுப்பது சந்தை நிர்வாகம். விலையை எழுதிப் போடுவதும் நிர்வாகம். விற்பவருக்கும் சொந்தமில்லாத, வாங்குபவருக்கும் சொந்தமில்லாத தராசு. அங்கே காய்கறி வாங்கிக்கொண்டு வந்து என் கடையில் மறுபடி நிறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. யாரும் சண்டைக்குத் திரும்பிப் போனதில்லை.

வாங்குபவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தட்டில் சரக்கை வைக்கும் முன் தராசில் பூஜ்யம் நிற்கிறதா என்று பாருங்கள். இனிப்புக் கடையில் பெட்டியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அங்கே முதலில் கேளுங்கள், தள்ளுவண்டியில் பிறகு கேளுங்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசி இறக்கிவிட்டு, கொசுறாக நாலு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எடை சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண். கூட்டம் கூட்டிப் படம் எடுப்பதைவிட ஒரு போன் போடுவது சுலபம். அந்தப் போனைப் பெரிய கடை மேல் போட்டால் இன்னும் நல்லது.

அக்கா இப்போது புதுத் தராசு வாங்கியிருக்கிறது, சின்ன மின்னணுத் தராசு, தவணையில். கிலோ 45 என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறது. எடை சரியாக இருக்கிறது, நான் போட்டுப் பார்த்தேன். வியாபாரம் பாதியாகிவிட்டது. தலைமையாசிரியர் இப்போது அடுத்த தெரு வண்டியில் 35-க்கு வாங்குகிறார். அந்தத் தக்காளியை அவர் இன்னும் என் தராசுக்குக் கொண்டுவரவில்லை.

என் கடைத் தராசின் முத்திரை வரும் டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியில் கடைக்கு வருகிறவர்கள் அதைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.